வெளியே நிற்பவருக்கு ஓனர் என்று பெயர்

"அழகுக்கான மாற்றம்னு எழுதிருங்க மேடம், நான் இப்பவே ஒப்புதல் குடுத்தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் தலைமைப் பொறியாளர் கோதண்டம் எழுந்து போனார். நானும் மாற்றக் குறிப்பில், காரணம் எழுதுகிற இடத்தில், அப்படியே எழுதிவிட்டேன். அவர் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் கைபேசியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சரிக்குறி உட்கார்ந்திருக்கிறது. அழகுக்கான மாற்றம். எதற்கு அழகு, யாருக்கு அழகு? கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்துகிற பிளாஸ்டிக் வாழைமரமா நான் செய்திருப்பது? பதினோரு வருஷமாக ஒரு பெயர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தியிருக்கிறேன், அதற்கு அழகாம். உதட்டுச் சாயம் பூசியிருக்கிறேன் என்று அர்த்தம். மத்தியானச் சாப்பாட்டின் ரசம் இன்னும் நெஞ்சில் புளிக்கிறது. சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அத்தனை சோதனைகளும் முதலிலிருந்து ஓட வேண்டும், நீலப் பட்டை திரையின் அடியில் இடமிருந்து வலமாக ஊர்ந்து முடிய வேண்டும், அப்புறம்தான் என் மாற்றத்தை நிரலோடு இணைக்கிற 'சேர்' என்ற பொத்தான் உயிர்பெறும். பட்டை பாதியைத் தாண்டவில்லை. கூட்டம் நான்கு மணிக்கு. கண்ணாடி அறைக்கு வெளியே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், யாரோ பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போன சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெசிந்தா இப்போதே போய் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளை இங்கே வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த அறைக்குள் முடிவு செய்வார்கள். பொங்கல் கோளாறில் தவறு பெயர் மேலா, அவள் மேலா என்பதுதான் கேள்வி. பெயரில் தவறே இல்லை, சும்மா அழகுக்கு மாற்றினோம் என்று என் பத்து விரல்களாலும் தட்டி வைத்திருக்கிறேன்.

சும்மாவா மாற்றினேன்? நாங்கள் இங்கே செய்வது ஒரு தரவுத்தளம், அதாவது பிறருடைய விவரங்களைப் பத்திரமாக வாங்கி வைத்துக் கேட்டபோது கொடுக்கிற மென்பொருள். அதன் உள்நிரல் முழுக்க ஆயிரக்கணக்கான சின்னப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் மேலே எழுதியிருக்க வேண்டும், உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதுவது போல. இதைச் சொன்னால் என்னைப் பிழைதிருத்தி என்கிறார்கள். சொல்லட்டும். உணவுப் பட்டியலில் 'பொறியல்' என்று இருந்தால் கைப்பையிலிருந்து பேனாவை எடுப்பவள்தான் நான், என் கணவர் அப்போதெல்லாம் அடுத்த மேஜைக்காரர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அது வேறு, அங்கே எழுத்துத்தான் பிழை, தட்டில் பொரியல்தான் வரும். இங்கே தட்டில் வேறு வருகிறது. எங்கள் தளத்தில் பெண்களுக்கான கழிவறை ஒன்றுதான், எதிரே இருக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் எங்களுக்கும் பொது. சாவியைத் தொலைத்துவிடக் கூடாதென்று உளுத்துப்போன பூரிக்கட்டை ஒன்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூரிக்கட்டை ஆணியில் இல்லையென்றால் ஒருத்தி உள்ளே இருக்கிறாள், அடுத்தவள் வெளியே நிற்க வேண்டும். தரவுத்தளத்தில் பூட்டு என்பதும் இதுவேதான். ஒரே விவரத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாது, ஆகவே ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் யார் என்று ஒரு பெட்டியில் எழுதி வைக்கிறோம், வெளியே நிற்பவர் யார் என்று இன்னொன்றில். நியாயமான மனிதர்கள் என்ன பெயர் வைப்பார்கள்? எங்கள் நிரலில் உள்ளே இருப்பவருக்குப் பெயர் 'கரண்ட்', மின்சாரம் இல்லை, இப்போதையவர் என்ற அர்த்தத்தில். வெளியே கால் மாற்றி நிற்பவருக்குப் பெயர் 'ஓனர்'. ஓனராம்! பூரிக்கட்டை அடுத்தவள் கையில் இருக்க, வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற நான் உரிமையாளராம். பழைய நிகண்டுக்காரர்களாவது ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்றால் அதற்கென்று தனித் தொகுதி வைத்து எச்சரித்தார்கள். ஆனைக்கு எறும்பு என்று பேர்வைத்துவிட்டுப் படிப்பவன் தலையில் போடுகிற வேலையை அவர்கள்கூடச் செய்யவில்லை.

பெயர் வைத்தவர் கோதண்டம்தான். நிறுவனமே ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இரண்டு அறைகளாக இருந்த காலத்தில், அவர் தலையில் அடர்த்தியாக முடி இருந்த காலத்தில் வைத்தது. கேட்டால், "வெளிய நிக்கறவர்தானுங்க அடுத்து உள்ள போவாரு, அவர்தானே அடுத்த ஓனர்? நல்லெண்ணத்துல வெச்ச பேருங்க" என்பார். நல்லெண்ணம் இருக்கட்டும், பெயரில் 'அடுத்த' எங்கே? அதை அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டார். நிரலைப் படிப்பவர்கள் எல்லாரும் அவர் மனசுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். இதிலே வேடிக்கை, எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த பையன்களை முதல் வாரத்திலேயே பின்பக்க டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், சிகரெட் நுனியைச் சுண்டிக்கொண்டே, "தம்பி, ஓனர்னா ஓனர் இல்ல, வெளிய நிக்கறவன், புரிஞ்சுதா?" என்பார்கள். அதோடு பயிற்சி முடிந்தது. எங்கள் நிறுவனத்தின் ஆவணம் என்பது டீக்கடை பெஞ்சு. அங்கே பெண்கள் போவதில்லை. போகக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, கூப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால் படித்துத் தெரியும், மூன்று நாள் தலைவலியோடு வரிவரியாகப் படித்துக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த கையோடு அந்தப் பெட்டிக்கு மேலேயே ஒரு எச்சரிக்கை எழுதி வைத்தேன், 'கவனம், இதில் இருப்பது காத்திருப்பவர்' என்று. போன வருஷம் எங்கள் குழுப் பையன் யுகேந்திரன் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நிரல் முழுக்க விளக்குமாறு போட்டபோது அதையும் கூட்டித் தள்ளிவிட்டான். ஏண்டா என்றால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மேடம், எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?" எல்லாருக்கும் தெரிந்தது! எல்லாரும் என்றால் யார்? டீ குடிப்பவர்கள்.

ஜெசிந்தா டீ குடிப்பதில்லை. தூத்துக்குடிக்காரி, அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிற குடும்பத்தில் முதல் பொறியாளர். இரண்டு குழந்தைகளை வளர்த்துவிட்டு ஒன்பது வருஷம் கழித்து வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் விசைப்பலகையைத் தட்டவே தயங்குவாள், சுடுமோ என்று பார்ப்பது போல ஒரு விரலை வைப்பாள், பிறகு ஒரு நாள் வேகம் பிடித்தது. பொங்கலுக்கு முன்னால் அவளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். தென்மாவட்டங்களுக்குப் பேருந்து விடுகிற நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருளில்தான் முன்பதிவு நடத்துகிறது. ஒரு இருக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பணமும் கட்டாமல் விடவும் மாட்டாமல் யாராவது தூங்கிவிட்டால் அவரை வெளியேற்றி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். எளிய வேலை. அவள் பெட்டிகளைப் பார்த்தாள், 'ஓனர்' என்று இருந்தது. இருக்கையைப் பிடித்து வைத்திருப்பவர் ஓனர், ரொம்ப நேரம் ஆகிவிட்டதா, ஓனரை வெளியேற்று என்று எழுதினாள். விஷயம் தெரியாமல் நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், தமிழோ ஆங்கிலமோ தெரிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான். கோதண்டமும் யுகேந்திரனும் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள், தெரிந்தவர்களுக்கே படிக்கும்போது தப்புத் தெரியவில்லை என்றால் பெயர் எப்பேர்ப்பட்ட பொய்யன் என்று பாருங்கள். போகிக்கு முதல் நாள், ஊருக்குப் போகிற அத்தனை பேரும் கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக் காத்திருந்த நேரத்தில், மென்பொருள் காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளியது. உள்ளே படுத்துத் தூங்கியவர்கள் சொகுசாகத் தூங்கினார்கள். பேருந்துகள் பாதி காலியாக நாகர்கோவிலுக்கும் தென்காசிக்கும் போயின. கோயம்பேட்டில் நின்றவர்களின் கூச்சல் தொலைக்காட்சியில் வந்தது, ஒரு அம்மா கரும்புக் கட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா அன்றைக்கு என் மேஜைக்கு வந்து நின்றாள். அழவில்லை. "எழுதியிருந்தத தானக்கா வாசிச்சேன்" என்றாள். "எழுதியிருந்தத வாசிக்கிறதும் தப்பாக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மாற்றத்தைச் செய்தேன். 'ஓனர்' இருந்த இடமெல்லாம் 'வெயிட்டர்', 'கரண்ட்' இருந்த இடமெல்லாம் 'ஹோல்டர்', காத்திருப்பவர், வைத்திருப்பவர், குழந்தைக்குக்கூடப் புரியும். யுகேந்திரன் எட்டிப் பார்த்து, "மேடம், வெயிட்டர் வந்தாச்சா? ரெண்டு பிளேட் இட்லி சொல்லிரட்டா?" என்றான். நான் முறைத்தேன். "சாம்பார் தனியா" என்று சேர்த்துக்கொண்டான். அவனைத் திட்டவும் முடியவில்லை, அடுத்த நொடியே குனிந்து, "ஜெசிந்தா மேட்டர் என்ன ஆகும் மேடம்? எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நானும்தான ஒப்புதல் குடுத்தேன்" என்றான். போய் அதைக் கோதண்டத்திடம் சொல்லு என்றேன். போகவில்லை. இட்லி சொல்லத்தான் வாய். கோதண்டத்தை நானே என் மேஜைக்குக் கூப்பிட்டேன், மாற்றக் குறிப்பில் நான் முதலில் எழுதியிருந்தது இதுதான்: 'பெயரும் உள்ளிருப்பதும் நேர்மாறாக இருந்தன. பொங்கல் கோளாறுக்குக் காரணம் இதுவே.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், ரெண்டாவது வரி வேண்டாமுங்களே. சேத்த உடனே இந்தக் குறிப்பு எல்லாத்துக்கும் மெயில்ல போகும், பஸ் கம்பெனிக்காரங்களுக்கும் போகுது இப்ப, அவங்க கேட்டு வாங்கியிருக்காங்க. பதினோரு வருசமா தப்பா வெச்சிருந்தீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றதுங்க?" ஆமாம் என்று சொல்லுங்கள் என்றேன். "அப்படிச் சட்டுனு சொல்லிர முடியுங்களா? அந்தப் புள்ள அனுபவமில்லாம செஞ்சுபோட்டுதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. அதோட அது முடிஞ்சுது. நீங்க எத்தன வருசமா இந்தப் பேர மாத்தணும்னு நிக்கறீங்க? இப்ப மாத்திக்கோங்க. நான் குறுக்க நிக்கல." அப்படி ஒரு பேரம். என் பெயர்மாற்றம் எனக்கு, பழி அவளுக்கு.

அதுதான் எரிகிறது, நெஞ்சில் இருப்பது ரசம் இல்லை. எத்தனை கூட்டத்தில் இதைக் கேட்டிருப்பேன்? அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்றார்கள். ஒரு குழு போட்டார்கள், குழு கலைந்தது. ஓடுகிற மாட்டை நிறுத்துவானேன் என்றார்கள், இத்தனை பேர் பழகிவிட்டார்களே என்றார்கள், ஒரு பெட்டியின் பெயரை மாற்ற இத்தனை தயக்கம், இத்தனை மரியாதை. என் பெயரை ஒரே சாயங்காலத்தில் மாற்றினார்கள். நான் கோவில்பட்டிக்காரி. அங்கே அம்மன் பெயர் செண்பகவல்லி, தெருவுக்கு நான்கு பேர் செண்பகவல்லி, நானும் ஒருத்தி. சாத்தூரில் வாழ்க்கைப்பட்டேன், மாமியார் பெயரும் அதுவே. மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது? தாலி ஏறிய அன்று சாயங்காலம், பால் பழம் கொடுத்த கையோடு, என் கணவரின் அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இவளைச் சுமதின்னு கூப்பிட்டுக்கிருவோம்" என்றார். எல்லாரும் நல்ல பெயர் என்றார்கள். முடிந்தது. குழு இல்லை, காலாண்டு இல்லை, இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெயரில் இருந்தவள் பழகியிருப்பாளே என்று யாரும் கேட்கவில்லை, நான் அங்கேயே மூக்கில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன், என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வருமாம். குழப்பம் வரக் கூடாதென்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் அலுவலகத்துக்குத்தான் தெரியவில்லை. அத்தையை இங்கே வேலைக்கு எடுத்திருக்கலாம்.

ஆனால் அத்தையும் ஒன்றை விட்டுவிட்டார். பெயரை மாற்றியதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஆடியில் ஒரு காலை, சாத்தூர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து என் சித்தப்பா, செண்பகம் இருக்காளா என்று கேட்டிருக்கிறார். எடுத்தது என் கொழுந்தன், சின்னப் பிள்ளை இல்லை, கல்லூரிக்குப் போகிறவன். யாரோ அம்மாவுக்கு மூத்த உறவு என்று நினைத்து, கோயிலுக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன் என்றான். உண்மைதானே, மாமியார் கோயிலுக்குத்தான் போயிருந்தார். நான் கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி கேட்டது, முறத்தின் சத்தத்துக்கு நடுவில் நன்றாகவே கேட்டது, யாருக்கோ என்று நினைத்தேன். மாமியார் வந்து, திருப்பிக் கூப்பிட்டு, என்னைத் தேடிக் கொல்லைக்கு வந்தபோது வெயில் கிணற்றுச் சுவருக்கு மேலே ஏறியிருந்தது. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் எவ்வளவு தூரம்? பேருந்தில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வந்துவிடும். நான் போனபோது அப்பாவின் கண்ணை மூடி விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கொழுந்தன் என் காலில் விழாத குறையாக நின்றான், நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்ட பெயருக்கு அவன் சரியான பதிலைச் சொல்லியிருந்தான். யாரும் தவறு செய்யவில்லை. யாரும் தவறு செய்யாமலே ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டே போய்விட முடியும். அதனால்தான் இந்த மாற்றத்தில் நான் பழைய பெயரைத் துடைத்து எறியவில்லை. வெளியே எங்காவது யாராவது இன்னும் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தால், நீங்கள் தேடுபவர் இப்போது இந்தப் பெயரில் இருக்கிறார், இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்ல ஒரு சின்னப் பகுதி எழுதி வைத்திருக்கிறேன். கோதண்டம் அதைப் பார்த்து, "இது எதுக்குங்க மேடம் தேவையில்லாம?" என்றார். தேவை என்றேன்.

பட்டை நின்றுவிட்டது. முக்கால் தூரத்துக்குப் பக்கத்தில், அசையாமல். எதையாவது விட்டுவிட்டேனா? நிரல் முழுக்கத் தேடினேன், இரண்டு முறை தேடினேன், ஆனால் தேடலில் அகப்படாதவை உண்டு, பெயரைப் பாதிபாதியாக ஒட்டித் தயாரிக்கிற இடங்கள் உண்டு, எவனோ அறிவாளி எங்கோ எழுதி வைத்திருப்பான். அப்படி ஒன்று கிடந்து, நாளைக்கு இன்னொரு பேருந்து காலியாகப் போனால் அதற்கு என் பெயர், எந்தப் பெயரானாலும். எழுந்து தண்ணீர் கேனுக்குப் போனேன், தாகத்துக்காக இல்லை. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். மடியில் மூடிய மடிக்கணினி, அதன் மேல் இரண்டு கைகளும், கோயிலில் பிரசாதத் தட்டைப் பிடித்திருப்பது போல, இல்லை, சர்ச்சில் என்று சொல்ல வேண்டும், அவள் அப்படித்தான் உட்காருவாள். "உள்ள ஆரம்பிச்சிட்டாங்கக்கா" என்றாள். கண்ணாடிக்குள் கோதண்டம் வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், இயக்குநர்கள் மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், முறுக்குத் தட்டு ஒன்று கை மாறியது. அவளைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அவளுக்கு இடம் இல்லை. "எப்ப கூப்பிடுறாங்களாம்?" என்றேன். "முடிவு பண்ணிட்டு." "முடிவு பண்ணிட்டு எதுக்குக் கூப்பிடணும்?" அவள் சிரித்தாள். "சொல்றதுக்குத்தான். எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, போனா போவுது, வா, இங்கன பிள்ளைகள பாத்துக்கிட்டு இருன்னு. நல்ல மனசுலதான் சொல்றாரு. அதான்க்கா பயமா இருக்கு." நல்லெண்ணம். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் இருக்கிறார்கள், எனக்குத்தான் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. "பேர மாத்திட்டீங்களாமே, யுகேந்திரன் சொன்னாரு" என்றாள். "என்ன காரணம்னு போட்டீங்கக்கா?" நான் தம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன், வாயில் தண்ணீர் இருப்பவளிடம் பதில் எதிர்பார்க்க முடியாது. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. மடிக்கணினியின் மேல் கையை ஒரு முறை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பட்டை மறுபடி ஊர்ந்துகொண்டிருந்தது, மெதுவான சோதனை ஒன்றில் மூச்சு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசிச் சில சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. பட்டை வலது ஓரத்தைத் தொட்டது. 'சேர்' என்ற பொத்தான் கறுப்பு எழுத்தில் எழுந்து நின்றது. அழுத்தினால் என் வழக்கு வென்றது. இனி இந்த நிரலைத் திறக்கும் எவளும் ஏமாற மாட்டாள், டீக்கடை பெஞ்சுக்கு வேலை இல்லை, அது பெரிய விஷயம், உண்மையிலேயே பெரிய விஷயம், அதற்கு ஒரு ஆள் விலை என்றால்? இனி வருகிற எல்லாருக்காகவும் ஒருத்தி. கணக்காகப் பார்த்தால் நியாயம்கூடச் சொல்லலாம், கோதண்டம் சொல்வார், நல்லெண்ணத்தோடு சொல்வார். பொத்தானுக்கு மேலே அந்த இரண்டு சொற்கள், அழகுக்கான மாற்றம், உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதியது போல. உணவுப் பட்டியலில் ஒற்றை எழுத்துக்குப் பேனாவை எடுக்கிறவள் நான், என் கையாலேயே இப்படி ஒரு பெயரை ஒட்டிவிட்டு எந்த ஓட்டலுக்கு இனிப் போவது? நானும் ஒரு பெட்டிக்குள் ஒன்றை வைத்து மேலே வேறொன்றை எழுதப் போகிறேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வதுகூடப் பொய், மத்தியானத்திலிருந்தே மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் முறைமையில் நிரலில் ஒரு எழுத்தை மாற்றினால் ஒப்புதல் ரத்தாகிவிடும், சோதனைகள் மறுபடி ஓட வேண்டும். மாற்றக் குறிப்பை மாற்றினால் ஒன்றும் ஆகாது. ஒப்புதல் அப்படியே நிற்கும், பச்சைக்குறி அப்படியே நிற்கும். குறிப்பு என்பது அலங்காரம்தானே, அதில் யார் என்ன எழுதினால் என்ன என்று அந்த முறைமையை அமைத்த மகானுபாவர் நினைத்திருக்கிறார். அதை அமைத்தவரும் கோதண்டம்தான். குறிப்பை மாற்றுவதும் அழகுக்கான மாற்றம்தானே, ஐயா.

அழித்தேன். இரண்டு சொற்களும் வலமிருந்து இடமாகத் தேய்ந்து போயின. முதலில் இருந்ததையே திரும்ப எழுதலாமா என்று யோசித்தேன், அது போதவில்லை, கோளாறு, காரணம் என்றெல்லாம் அது கல்லூரித் தேர்வு மாதிரி இருந்தது. மெயில் யாருக்கெல்லாம் போகும் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். எனக்கு என்ன ஆகும் என்றும் பார்த்தேன். ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது, கோபித்துக்கொள்வார்கள், ஏதாவது மூலையில் பழைய கையேடுகளைத் திருத்தப் போடுவார்கள், அதைத் தண்டனை என்று நினைத்துப் போடுவார்கள், பாவம். எழுதினேன்: 'இந்தப் பெட்டிக்கு உரிமையாளர் என்று பெயர். உள்ளே இருந்ததோ காத்திருப்பவர். ஜெசிந்தா எழுதியிருந்ததைச் சரியாகப் படித்தார், எழுதியிருந்ததுதான் தவறு. படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் அது தெரியவில்லை. பொங்கலுக்குக் காத்திருந்தவர்களை வெளியே தள்ளியது இந்தப் பெயர். இன்று மாற்றப்பட்டது.' ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கீழே மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் வழக்கமாகச் செம்பா என்றுதான் வரும், அலுவலகத்தில் நீளமான பெயர் வாயில் நுழையாதவர்கள் வைத்தது. அதையும் அழித்துவிட்டுச் செண்பகவல்லி என்று முழுசாகத் தட்டினேன். 'சேர்' என்பதை அழுத்தினேன்.

முதலில் யுகேந்திரனின் கணினி டிங் என்றது. பிறகு அவனுக்குப் பக்கத்து மேஜை, பிறகு ஜன்னலோர வரிசை, ஒரு கை சில்லறையை யாரோ படிக்கட்டில் நழுவவிட்டது போல அறை முழுக்க உருண்டு போயிற்று. "மேடம்..." என்றான் யுகேந்திரன், இட்லி இல்லாத குரலில். நான் திரும்பவில்லை, கண்ணாடி அறையைப் பார்த்தேன். உள்ளே மேஜை மேல் கிடந்த கைபேசிகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் காட்டின. ஒரு இயக்குநர் முறுக்கைப் பாதியில் நிறுத்திக் குனிந்து படித்தார், அடுத்தவர் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தார். கோதண்டத்தின் எழுதுகோல் பலகையில் ஒரு சொல்லின் நடுவில் நின்றது, தன் கைபேசியை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை, படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார், பிறகு கண்ணாடிச் சுவர் வழியாக என்னைத் தேடினார். நான் கையை உயர்த்திக் காட்டினேன், வருகைப் பதிவில் உள்ளேன் ஐயா சொல்வதுபோல. கோபமா, வேறு ஏதாவதா, அந்த முகத்தில் என்ன இருந்ததென்று இவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை, படித்தாலும் மேலே எழுதியிருப்பதை இனி நான் நம்பப் போவதில்லை. சிவப்பு நாற்காலியில் ஜெசிந்தாவும் படித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் படித்தாள், சுடுமோ என்பது போல ஒரு விரலால் திரையைத் தள்ளித் தள்ளி. முடித்துவிட்டு என் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. எழுந்தாள், மடிக்கணினியை இடுக்கிக்கொண்டாள், புடவை மடிப்பை ஒரு கையால் நீவினாள். யாரும் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய், காலியாக இருந்த நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.